நிம்மதிக்காகத் துறந்தவள்

கணவன் இறந்து மாதங்கள் கடந்துவிட்டன. மனத்துக்குப் பிடித்தவன் காலடியில் விழுந்து மன்றாடுகிறான். அவளுக்கும் அவன்மேல் அளவில்லாத காதல். வாழ்க்கையில் முதல் முறையாக அன்றுதான் அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்கிறாள். மறுமணத்துக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை, திருச்சபையும் நிற்கவில்லை. இந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்ததே அவளுடைய சொந்தக்காரர்தான். ஆனாலும் அவள் மறுக்கிறாள். மதாம் தெ லஃபாயெத் 1678-இல் தன் பெயரைப் போடாமல் வெளியிட்ட ‘கிளேவ் இளவரசி’ என்ற நாவலின் உச்சம் இது. காதலைக் கடமை வென்ற இடம் என்று சிலர் இதைப் போற்றுகிறார்கள், வாழப் பயந்தவள் செய்த தப்பு என்று சிலர் வருந்துகிறார்கள். இரு சாராரும் அவள் சொல்லும் காரணத்தின் பாதியை மட்டுமே காதில் வாங்கியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அவள் காட்டுவது இரண்டு காரணங்கள். ஒன்று, இறந்த கணவனுக்குத் தான் பட்ட கடன். அவன் சாவுக்கு இந்தக் காதல்தான் காரணம். இன்னொன்று, தன் நிம்மதி. இவனை மணந்தால் ஒரு நாள் இவன் அன்பு ஆறிப்போகும், அதைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருக்கத் தன்னால் ஆகாது. இதோடு அவள் நிறுத்தியிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். அடுத்து ஒரு வார்த்தை சொல்கிறாள். கணவனின் நினைவுக்குச் செய்யும் கடமை மட்டும் என்றால், என் நிம்மதி பற்றிய அக்கறை அதைத் தாங்கிப் பிடிக்காவிட்டால், அது நிற்காது என்கிறாள். நிம்மதி பற்றிய அக்கறையும் தனியே நிற்காது, கடமை அதைத் தாங்க வேண்டும் என்கிறாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, இரண்டில் எதை எடுத்தாலும் மற்றது விழும். தன்னலம் கலந்த துறவு துறவாகுமா, தன் நிம்மதியை எண்ணிச் செய்த அறம் அறமாகுமா என்ற பழைய கேள்வி அந்த வார்த்தையில் இருக்கிறது.

அந்தக் கேள்வி அன்றைய பாரிசில் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை, குடும்பங்களைப் பிரித்த கேள்வியாக இருந்தது. யான்சேனியுஸ் என்ற ஆயரின் ‘அகுஸ்தினுஸ்’ நூல் 1640-இல், அவர் இறந்தபின், வெளிவந்தது. ஆதாமின் வீழ்ச்சிக்குப் பிறகு மனித மனம் தன்னைத் தவிர வேறெதையும் நேசிக்க வல்லமையற்றது, இறைவனின் அருள் இறங்கினால்தான் அது திரும்பும் என்ற புனித அகுஸ்தீனின் போதனையை அந்நூல் மிகக் கடுமையான வடிவில் முன்வைத்தது. அதிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஐந்து கருத்துகளை 1653-இல் ரோம் கண்டித்தது. பாரிசுக்கு வெளியே போர்-ருவாயல் மடத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் மட்டும் கடைசிவரை அந்த நம்பிக்கையை விடவில்லை. பாஸ்கல் அவர்களுக்காகத்தான் வாதாடினார். லஃபாயெத்தின் மாற்றாந்தந்தை தம் கடைசிக் காலத்தை அவர்களோடு கழித்தார். லஃபாயெத்தே தம் இறுதி ஆண்டுகளில் ஆன்ம வழிகாட்டியாகக் கொண்ட தியுகே என்ற குருவும் அந்தப் பக்கம் சாய்ந்தவர்தான். 1634-இல் பாரிசில் பிறந்து, 1655-இல் ஓவெர்ஞ் பிரதேசத்துப் பிரபு ஒருவரை மணந்து, பிற்பாடு கணவர் ஊரில் இருக்கத் தாம் பாரிசிலேயே வாழ்ந்து, 1693-இல் மறைந்த இந்தப் பெண்மணி இறையியல் நூல் எதையும் எழுதியவர் அல்லர். ஆனால் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார். அவருடைய மிக நெருங்கிய நண்பர் லா ரோஷ்ஃபூக்கோ 1665-இல் வெளியிட்ட சிறு வாசகங்களின் தொகுப்பு, நம் நற்குணங்கள் பெரும்பாலும் வேடமிட்ட தீக்குணங்கள்தாம் என்று காட்ட முனைந்தது. அச்சுக்கு வருமுன் அதைப் படித்த லஃபாயெத், இப்படியெல்லாம் எண்ண ஒருவருக்கு மனம் எவ்வளவு கெட்டிருக்க வேண்டும் என்று திகைத்து ஒரு தோழிக்கு எழுதினார். அந்தத் திகைப்பு மறைந்ததா, அல்லது வேறு வடிவம் எடுத்ததா என்பதற்கு விடையாகத்தான் இந்த நாவலை நான் படிக்கிறேன்.

வேடத்தைக் கிழிப்பவர்களின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துவைக்க வேண்டும், ஏனென்றால் அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. லா ரோஷ்ஃபூக்கோவின் நண்பர் ழாக் எஸ்ப்ரி 1677, 1678 ஆண்டுகளில், அதாவது இந்த நாவல் வந்த அதே சமயத்தில், மனித அறங்களின் பொய்மை என்றே தலைப்பிட்டு இரண்டு தொகுதிகள் எழுதினார். கருணை, நட்பு, பொறுமை, கற்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே புகழாசையோ அச்சமோ சோம்பலோ இருப்பதைக் காட்டிக்கொண்டே போகிறார். அவரைவிட நுட்பமானவர் போர்-ருவாயலைச் சேர்ந்த பியேர் நிக்கோல். இறையன்பும் தற்பற்றும் உள்ளே வானமும் பூமியுமாக வேறுபட்டவை, ஆனால் வெளியே அவை செய்யும் காரியங்கள் ஒன்றேபோல் இருக்கும் என்பது அவர் கண்டது. ஒருவன் பிறருக்கு இனியவனாக இருக்கிறான் என்றால், அது அன்பாலும் இருக்கலாம், பிறர் தன்னை வெறுக்கக் கூடாது என்ற கணக்காலும் இருக்கலாம். தேர்ந்த தற்பற்று இறையன்பு போகிற ஒவ்வொரு வழியிலும் போகும், அது செய்கிற ஒவ்வொன்றையும் செய்யும். அதனால் செய்பவனுக்கே தன்னை இயக்குவது எது என்று தெரியாது. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளேவ் இளவரசியைப் பார்த்தால் தீர்ப்பு ஒரே வரியில் முடிந்துவிடும்: அவள் விட்டது காதலனை, விடாதது தன்னை. கடமை என்பது மேலே போட்ட போர்வை, நிம்மதி என்பது உள்ளே இருக்கும் ஆள். அவள் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த ஒப்புதலில்தான் வாதம் தடுக்குகிறது என்று நான் நினைக்கிறேன். வேடத்தைக் கிழிப்பவருக்கு முதலில் ஒரு வேடம் வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, உள்ளே இருப்பதை அந்த ஆள் மறைக்கிறான் அல்லது அறியாமல் இருக்கிறான் என்ற நிலை இருந்தால்தான் அவருக்கு வேலை. இங்கே உள்ளே இருப்பதை எடுத்து மேசைமேல் வைத்தவள் அவளே. தன் கடமை பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தன் எண்ணத்தில் மட்டுமே இருப்பது என்றுகூடக் காதலன் நெமூரிடம் ஏற்றுக்கொள்கிறாள். மறைத்து வைத்த தன்னலம் வேடம்தான். சபையில் சொல்லி, அதன் எடை இவ்வளவு என்று நிறுத்து, அது தனியே போதாது என்றும் அறிந்து வைத்த தன்னலம் ஒரு காரணம் மட்டுமே, மற்றக் காரணங்களோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது. ஒரு செயலுக்குக் கீழே தோண்டிக் கண்டெடுத்த நோக்கம் எதுவோ அதுதான் உண்மையான நோக்கம் என்று இந்த ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே இருக்கிறது என்பதற்காக அது மேலே இருப்பதைவிட உண்மையாகிவிடுமா? வீட்டுக்கு அடித்தளம் உண்டு என்று காட்டுவதால் வீடு பொய் என்று ஆகிவிடாது. இளவரசியின் மறுப்பில் தன்னலம் இருக்கிறது. அதோடு கணவன்மேல் உண்மையான இரக்கமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்க முடியாது என்பதையே அவளுடைய அந்த வார்த்தை சொல்கிறது.

இந்தக் கலப்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நாவல் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. 1558-ஆம் ஆண்டையொட்டி, இரண்டாம் ஹென்றியின் அரசவைக்குப் பதினாறு வயதுப் பெண்ணாக அவளைத் தாய் அழைத்து வருகிறாள். மற்றத் தாய்மார் காதல் என்ற பேச்சையே மகள் காதில் விழாமல் பார்த்துக்கொண்ட காலத்தில், மதாம் தெ ஷார்த்ர் அதைப் பற்றி மகளிடம் மனம்விட்டுப் பேசினாள். அதன் இனிமையையும் சொன்னாள், அதிலுள்ள ஆபத்தை மகள் நம்ப வேண்டும் என்பதற்காக. ஆண்களின் நேர்மையின்மை, ஏமாற்று, அதனால் குடும்பங்களில் விளையும் துயரம், நல்ல பெண்ணின் வாழ்க்கையில் குடிகொள்ளும் அமைதி, எல்லாம் சொன்னாள். இந்த நற்குணத்தைக் காப்பாற்றுவது கடினம், தன்னைத்தானே சற்றும் நம்பாமல் இருந்தால்தான் முடியும் என்றும் சொன்னாள். இந்தப் பாடத்தில் பாவம் என்ற சொல்லுக்கு வேலையில்லை, நரகமும் வரவில்லை. அமைதியும் மதிப்பும் சுயசந்தேகமும்தான் பாடத்தின் பொருள். சாகும்போதுகூட, இவ்வுலகைவிட்டுப் போகையில் தான் எதிர்பார்க்கும் இன்பத்தை ஏதாவது கலைக்குமானால் அது மகள் மற்றப் பெண்களைப்போல் விழுவதைக் காண்பதாகத்தான் இருக்கும் என்கிறாள் தாய். மறுமையின் நிழல் அந்த ஒரு சொல்லில் விழுகிறது. ஆனால் அதிலும் மற்றப் பெண்களைப்போல் ஆகிவிடாதே என்ற குலப்பெருமை ஒட்டியிருக்கிறது. பெருமையைக் கொண்டு அறத்தைக் காவல் காக்கச் சொல்லிக் கொடுத்த தாய் இவள். எஸ்ப்ரி இதைப் படித்தால் எல்லாம் பொய் என்பார். எனக்கோ, தன்னைத்தானே நம்பாதே என்ற அறிவுரை பெருமையிலிருந்து பிறக்க முடியாது என்று படுகிறது. பெருமை தன்னை நம்பச் சொல்லும்.

முதல் பெரிய ஆட்சேபம் அவளுடைய ஒப்புதல் பற்றியது. குலோமியே என்ற ஊரிலுள்ள தோட்ட மாளிகையில் கணவனிடம் அவள் சொல்கிறாள்: அரசவைக்குத் திரும்பத் தன்னால் ஆகாது, தன் மனம் இன்னொருவர்பால் சாய்கிறது, பெயரைக் கேட்க வேண்டாம், தன்னை இங்கேயே இருக்க விடுங்கள். எந்த மனைவியும் எந்தக் கணவனிடமும் சொல்லாததைச் சொல்லப் போவதாக அவளே முன்னுரையும் கூறுகிறாள். இதைவிடத் தற்பெருமை வேறு உண்டா என்று கேட்டவர்கள் உண்டு. நாவல் வந்த ஆண்டே ‘மெர்க்யூர் கலான்’ பத்திரிகை தன் வாசகர்களிடம் கேட்டது: நல்ல மனைவி இப்படிப்பட்ட நிலையில் கணவனிடம் சொல்லலாமா, கூடாதா? எழுதியவர்களில் பெரும்பாலோர் கூடாது என்றார்கள். அக்கால எழுத்தாளர் பியுசி-ரபுத்தேன் அந்த ஒப்புதலை அளவுமீறிய விபரீதம் என்று மதாம் தெ செவிஞ்ஞேவுக்கு எழுதினார். வாலங்கூர் ஒரு புத்தகமே எழுதி நாவலின் குற்றங்குறைகளை அடுக்கினார். விளைவைப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும், ஏனென்றால் அந்த ஒப்புதல் கணவனைக் கொன்றது. மற்றக் கணவர்கள் அனுபவிக்கும் அந்த அமைதியான குருட்டுத்தனத்திலேயே என்னை ஏன் விட்டுவைக்கவில்லை என்று சாகுமுன் அவன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. உண்மை பேசுவது எப்போதும் நன்மை தரும் என்று நம்புகிறவர்கள் இந்த நாவலிடம் ஆறுதல் தேடக்கூடாது.

என்றாலும் தற்பெருமை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. காரணம், நாவல் முன்பே வைத்துவிட்டுப் போகும் ஒரு சிறு செய்தி. சான்செர் என்ற நண்பன் காதலில் ஏமாந்த கதையை மனைவிக்குச் சொல்லிவரும்போது, போகிற போக்கில் அவள் கணவன் கிளேவ் தன்னைப் பற்றி ஒன்று சொல்கிறான்: மனம் திறந்து பேசுவது தன்னை மிகவும் தொடும், தன் காதலியோ மனைவியோகூட வேறொருவரைப் பிடிக்கிறது என்று தன்னிடம் சொன்னால், வருந்துவானே தவிரக் கசப்புக் கொள்ளமாட்டான், கணவன் என்ற நிலையை ஒதுக்கிவைத்து அவளுக்கு ஆலோசனை சொல்வான், அவளுக்காக இரங்குவான். அதைக் கேட்டு அவள் முகம் சிவக்கிறது. தன் நிலைமைக்கு அந்தச் சொல் பொருந்துவதைக் கண்டு கலங்குகிறாள், அந்தக் கலக்கத்திலிருந்து மீள அவளுக்கு நெடுநேரம் ஆகிறது. ஒப்புதலின் விதை விழுந்தது அங்கேதான். தன் பெருமைக்குச் சிலை வைக்க அவள் சொல்லவில்லை, அவன் கொடுத்த வாக்கை நம்பிச் சொன்னாள். கேட்டதும் புகழ்ச்சி அல்ல, உதவி. என்னை இந்த ஊரிலிருந்து தள்ளி வையுங்கள் என்பது தன் வலிமையைக் காட்டுபவர் பேசும் பேச்சா? கிளேவ் பொய் சொல்லவும் இல்லை. தன்னால் முடியும் என்று மனமார நம்பித்தான் அன்று பேசினான். தன்னைப் பற்றி அவனுக்கே தெரியவில்லை. தன்னைச் சந்தேகிக்கக் கற்றவள் ஒருத்தி, தன்னை நம்பியவன் ஒருவன். அந்த வீட்டில் நடந்த துயரத்துக்கு அடி அங்கே இருக்கிறது.

அவன் எப்படிச் செத்தான் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாவலின் மிக அழகான பக்கங்கள் அவை, என் வாதத்துக்கு மிகப் பெரிய சாட்சியும் அவைதான். கோடைக்கால இரவு. குலோமியே தோட்டத்து மண்டபத்தில் அவள் தனியாக, புழுக்கம் தாங்காமல் தலைமுடியை ஏனோதானோவென்று முடிந்தபடி கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். எதிரே மேசையில் ரிப்பன்கள் நிறைந்த கூடைகள். அவற்றில் சிலவற்றைப் பொறுக்கி எடுக்கிறாள். குதிரைப் போட்டியில் நெமூர் அணிந்திருந்த நிறங்கள் அவை. அந்த மஞ்சளுக்கு அவள் மட்டுமே அறிந்த ஒரு காரணம் உண்டு: தனக்கு மஞ்சள் பிடிக்கும், பொன்னிற முடிக்கு எடுக்காது என்பதால் உடுத்த முடியவில்லை என்று ஒருமுறை அவன் எதிரில் சொல்லியிருந்தாள். அந்த ரிப்பன்களை ஒரு கைத்தடியில் முடிச்சு முடிச்சாகக் கட்டுகிறாள். இந்தியப் பிரம்பால் ஆன அபூர்வமான தடி. நெமூர் சிலகாலம் வைத்திருந்து தன் தங்கைக்குக் கொடுத்தது. யாருடையது என்று தெரியாதவள்போல் இவள் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது. கட்டி முடித்ததும் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு சுவரிலிருக்கும் ஓவியத்துக்கு அருகே போகிறாள். மெட்ஸ் நகர முற்றுகையின் ஓவியம். அதில் நெமூரின் முகம் இருக்கிறது. உட்கார்ந்து அதையே பார்க்கிறாள். வெளியே இருட்டில், சன்னலுக்கு அந்தப் பக்கம், நெமூர் நின்று இவ்வளவையும் கண்ணால் காண்கிறான். அருகே வர முயல்கையில் அவனுடைய தோள்துண்டு சன்னலில் மாட்டிச் சத்தம் எழுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், அவனாக இருக்குமோ என்று தோன்றுகிறது, உடனே எழுந்து பணிப்பெண்கள் இருக்கும் அறைக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த இரவு கதவுகள் சாத்தியிருக்கின்றன, அவன் வீணாகக் காத்திருந்து திரும்புகிறான்.

தோட்ட வேலிக்கு வெளியே இன்னொருவன் நின்றிருந்தான். கணவன் அனுப்பிய ஆள். நெமூர் உள்ளே போனதையும், விடியலில் வெளியே வந்ததையும், மறுநாளும் போனதையும் பார்த்தான். திரும்பிவந்து கிளேவிடம், உறுதியாகத் தீர்ப்புச் சொல்லும்படி தன்னிடம் எதுவும் இல்லை, உள்ளே போனதை மட்டும் பார்த்தேன் என்று நேர்மையாகத்தான் சொன்னான். கிளேவ் அவனை மேலே பேசவிடவில்லை. போதும், விளக்கம் வேண்டாம் என்று திரும்பிக்கொண்டான். அன்றிரவே காய்ச்சல் கண்டது, பிறகு அவன் எழவில்லை. வேலிக்கு வெளியே நின்று, உள்ளே போனவனையும் வெளியே வந்தவனையும் எண்ணி, உள்ளே நடந்ததை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. மனித அறத்தைத் தோண்டிப் பார்க்கும் ஒழுக்கவாதிகளும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். செயலைப் பார்க்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம் என்று பார்க்கிறார்கள், அந்த லாபம்தான் நோக்கம் என்று தீர்ப்பளிக்கிறார்கள். உள்ளே இருந்ததோ கிளேவ் நினைத்ததைவிடக் குற்றமற்றது, அதே சமயம் உலகம் போற்றும் கற்பைவிடக் காதல் நிறைந்தது. ரிப்பன் கட்டிய அந்தக் கையும், சத்தம் கேட்டதும் எழுந்து போன அந்தக் காலும் ஒரே பெண்ணுடையவை. வெளியிலிருந்து பார்த்தவர் எவருக்கும் இரண்டையும் சேர்த்துக் காண வாய்க்கவில்லை. நெமூர் கண்டான், ஆனால் திருடிக் கண்டான். நிக்கோல் மட்டும் இந்த இடத்தில் என்னோடு வருவார் என்று தோன்றுகிறது. ஏனென்றால் நோக்கத்தை எவராலும், அதை உடையவராலும்கூட, முழுதாகப் படிக்க முடியாது என்று சொன்னவரும் அவரே. அந்த இருட்டு மனிதனைத் தாழ்மையில் வைத்திருக்கும் என்பதால் அதில் ஒரு நன்மையைக்கூட அவர் கண்டார்.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 1822-இல் காதலைப் பற்றி எழுதிய நூலில் ஸ்தாந்தால், அவள் கணவனிடம் எதுவும் சொல்லாமல் நெமூரிடம் தன்னைக் கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். நிம்மதி என்பது பயத்துக்கு வைத்த நல்ல பெயர் என்று இன்றும் பலர் சொல்லக்கூடும். லஃபாயெத் 1653-இல், இருபது வயதுகூட நிரம்பாத காலத்தில், தம் ஆசிரியர் மெனாழுக்கு எழுதிய கடிதத்தில் காதலை ஒரு தொல்லை என்றும் தானும் தன் நண்பர்களும் அதிலிருந்து விடுபட்டிருப்பது மகிழ்ச்சி என்றும் குறிப்பிட்டதை இதற்குத் துணையாகக் கொண்டுவரலாம். ஆனால் பயந்தவள் தான் எதைக் கண்டு பயப்படுகிறாளோ அதன் பெயரைச் சொல்லமாட்டாள். இவள் சொல்கிறாள். நெமூர் பல பெண்களை நேசித்தவன், மீண்டும் நேசிப்பான் என்கிறாள். கணவனின் அன்பு தன்மேல் கடைசிவரை ஆறாமல் இருந்ததற்கே, தான் அதைத் திருப்பித் தராததுதான் காரணமாக இருக்கலாம் என்கிறாள். ஒரு கடிதத்தை நெமூருடையது என்று தவறாக எண்ணிய ஒரே இரவில் பொறாமை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அரசவை முழுக்க அவளுக்குப் பாடசாலையாக இருந்தது. தியான் தெ புவாத்தியே, ஆன் பொலின், சான்செரை ஏமாற்றிய மதாம் தெ தூர்னோன் என்று நாவலுக்குள் சொல்லப்படும் ஒவ்வொரு கதையும் அவளுக்குக் கொடுக்கப்பட்ட சாட்சியம்.

ஆனாலும் இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆண்கள் இப்படி என்பதிலிருந்து இந்த ஆண் இப்படி என்று அவள் முடிவுக்கு வந்தது நெமூருக்குச் செய்த அநியாயமாக இருக்கலாம். அவளுக்காக அவன் இங்கிலாந்து அரசியை மணக்கும் வாய்ப்பையே கைவிட்டவன். நாவலின் கடைசியில் வருடங்கள் கழிந்து அவன் காதல் ஆறுகிறது. அதைக் காட்டி, பார்த்தீர்களா, அவள் கணித்தது சரியாகப் போயிற்று என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். காலமும் பிரிவும் ஆற்றின என்றுதான் லஃபாயெத் எழுதுகிறார். கூடி வாழ்ந்திருந்தால் ஆறியிருக்குமா என்ற கேள்வியை அவர் விடையில்லாமல் விட்டுவிட்டார். அதனால் அவளுடைய துறவு கணக்குப் போட்டுச் சரிபார்த்த துறவு அல்ல. தெரியாத ஒன்றின் முன்னே, தன் பலவீனம் தெரிந்தவள் எடுத்த முடிவு. தன்னலம்தான் அவளை ஆண்டது என்றால் அவள் பந்தயம் கட்டியிருப்பாள். எல்லோரும் அந்தப் பந்தயத்தைத்தான் கட்டுகிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபம் மதத்தின் பக்கமிருந்து வருகிறது, எனக்கு மிகவும் கனமானதாகப் படுவதும் அதுதான். இவ்வளவும் சரி, இதில் கடவுள் எங்கே? இந்த நாவலில் எவரும் மண்டியிட்டுச் செபிக்கும் காட்சி கிடையாது. மனத்தைத் திறந்து காட்ட வேண்டிய நேரத்தில் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி குருவானவரிடம் போகாமல் கணவனிடம் போகிறாள். அருளை நாடாமல் ஊரை மாற்றித் தப்பிக்கப் பார்க்கும் அறம், அகுஸ்தீன் கண்ணில் வெறும் புறச்சமயத்தாரின் அறம். இதற்கு முழு விடை என்னிடம் உண்டென்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசிப் பக்கங்களை மெதுவாகப் படித்தால் ஒன்று தெரிகிறது. மறுத்த பிறகு அவள் பீரெனே மலைப் பக்கம் இருக்கும் தன் நிலங்களுக்குப் போகிறாள், கடுமையாக நோயுறுகிறாள், சாவை நெருக்கத்தில் பார்க்கிறாள். மீண்டு எழும்போது உலகத்து ஆசைகள் அவளுக்குத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதுபோல் தெரிகின்றன. ஆண்டில் ஒரு பகுதியை மடத்திலும் மீதியைத் தன் வீட்டிலும் கழிக்கிறாள். வீட்டிலும் கடும் நியமமுள்ள மடங்களை மிஞ்சும் புனிதமான காரியங்களில் ஈடுபடுகிறாள். கன்னியர் வார்த்தைப்பாடு எதையும் அவள் எடுத்ததாக நாவல் சொல்லவில்லை. அருள் அவளுக்கு வந்ததா, வராமலே நிம்மதி வந்ததா, நிம்மதி என்று அவள் தொடக்கத்தில் அழைத்தது கடைசியில் வேறொன்றாக மாறியதா என்று ஆசிரியர் நமக்குச் சொல்வதில்லை. போர்-ருவாயல் நம்பிக்கைப்படி அருள் யாருக்கு இறங்கியது என்பது மனிதர் கண்ணுக்குத் தெரியக்கூடிய விஷயமே அல்ல. நாவலாசிரியர் ஒருவர் அதைத் தெரிந்ததாகப் பாவித்திருந்தால் அதுதான் அந்த நம்பிக்கைக்கு விரோதமாக இருந்திருக்கும். கடவுளைப் பற்றி லஃபாயெத் காக்கும் மௌனத்தை நான் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு உரிமையில்லாத தீர்ப்பைச் சொல்லாமல் விட்ட பணிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மடம் சேர்ந்தபின் ஒரு நாள் நெமூர் அவளைத் தேடி அங்கேயே வருகிறான். அவன் வந்திருப்பதைக் கேட்டுக் கலங்குகிறாள். உலகத்து ஆசைகளிலிருந்து அவள் விலகிவிட்டாள் என்றுதான் அதற்கு முன்பே படித்திருக்கிறோம். அப்படியானால் எதிரில் போய் நின்று இரண்டு வார்த்தை பேசி அனுப்பியிருக்கலாம். போகவில்லை. நல்ல பெண்மணி ஒருத்தியைத் தன் சார்பில் அனுப்புகிறாள். தான் காக்க வேண்டிய உறுதியை அவன் முகம் குலைத்துவிடக்கூடும், அந்த ஆபத்துக்குத் தன்னை உட்படுத்த முடியாது என்பதே அந்தத் தோழி கொண்டுவரும் செய்தி. நெமூர் எவ்வளவோ கெஞ்சிப் பார்க்கிறான். அவள் வரவில்லை என்பதோடு, அவன் சொல்லும் எதையும் தன்னிடம் வந்து சொல்லக் கூடாது என்று அந்தத் தோழிக்கு அவள் கட்டளை இட்டிருப்பதையும் அறிந்து திரும்பிப் போகிறான்.